75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140: கியர் பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் எந்த ஆயில்?

என்ஜின் ஆயிலின் தரத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் வண்டிக்காரர்கள்கூட, கியர் ஆயில் என்று வரும்போது மெக்கானிக் எடுத்துக் கொடுப்பதை ஊற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். மாற்ற வேண்டிய இடைவெளி நீண்டது என்பதும், தவறான ஆயிலின் விளைவு உடனே தெரியாமல் பல்லாயிரம் கிலோமீட்டர் கழித்தே தெரியும் என்பதும் இதற்குக் காரணங்கள். பட்டறைகளில் பேச்சு பெரும்பாலும் "90 ஆயிலா, 140 ஆயிலா" என்ற அளவில் முடிந்துவிடும்; 80டபிள்யூ-90-உம் 85டபிள்யூ-140-உம்தான் அவை. இப்போது அந்த வரிசையில் 75டபிள்யூ-90 என்ற செயற்கை ஆயிலும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு வெயிலிலும் மலைப்பாதைகளிலும் ஓடும் வாகனத்தின் கியர் பாக்ஸுக்கும், என்ஜினின் சக்தியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டியான ஆயில் அதிகப் பாதுகாப்புத் தரும் என்ற நம்பிக்கை பாதி மட்டுமே உண்மை. 140-ஐ அதற்குரிய வண்டிக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்கள் 90-இலோ கையேடு சொல்லும் அதைவிட மெல்லிய தரத்திலோ நிற்பது நல்லது.

டப்பாவில் உள்ள எண்கள் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே306 தரநிலையிலிருந்து வருபவை. டபிள்யூ எழுத்துக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் குறிக்கிறது. ஆயிலைக் குளிர்வித்துக்கொண்டே போனால் அதன் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 1,50,000 சென்டிபாய்ஸை (அதை அளக்கும் ஓர் அலகு) எட்டும் ஒரு வெப்பநிலை வரும். 75டபிள்யூ ஆயில் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரையிலும், 80டபிள்யூ மைனஸ் 26 வரையிலும், 85டபிள்யூ மைனஸ் 12 வரையிலும் அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் கெட்டியான ஆயில், டிஃபரன்ஷியலின் சிறிய கியரான பினியனைத் தாங்கும் பேரிங்குகளுக்குள் போய்ச் சேராமல் அவற்றை வறண்டு ஓடவிடும் என்று சோதனைகளில் கண்ட பிறகே இந்த எண் எல்லையாக வைக்கப்பட்டது. பின்னால் உள்ள எண் 100 டிகிரி வெப்பத்தில் ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கிறது. 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுத்தன்மையின் மற்றோர் அலகு), 140 என்றால் 24 முதல் 32.5 சென்டிஸ்டோக்ஸுக்குள். இரண்டுக்கும் நடுவில் விழும் ஆயிலுக்கு 110 என்ற தரத்தை 2005-இல்தான் சேர்த்தார்கள். அதற்கு முன்பு 90 என்ற ஒரே பெயர் 13.5-இலிருந்து 24 வரை நீண்டு கிடந்தது. ஆகவே ஒரு கம்பெனியின் 90-க்கும் இன்னொரு கம்பெனியின் 90-க்கும் பெரிய வித்தியாசம் இருக்க இடமிருந்தது. "அந்தக் காலத்து 90 நல்ல கெட்டியாக இருக்கும்" என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும்.

கியர் ஆயிலின் 90-ஐ என்ஜின் ஆயிலின் 40-உடனோ 50-உடனோ ஒப்பிட்டு, இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. இவை இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். என்ஜின் ஆயிலில் 40 என்பது 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. அதாவது கியர் ஆயில் 90, என்ஜின் ஆயில் 40-க்கும் 50-க்கும் ஏறக்குறைய இணையாகவே ஓடுகிறது.

இனி மூன்று ஆயில்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சந்தையில் கிடைக்கும் வழக்கமான 80டபிள்யூ-90 கனிம ஆயில் 40 டிகிரியில் சுமார் 145 சென்டிஸ்டோக்ஸும், 100 டிகிரியில் சுமார் 15-உம் காட்டும். செயற்கை 75டபிள்யூ-90 ஆயில் 40 டிகிரியில் 105-ஐ ஒட்டியும், 100 டிகிரியில் அதே 15-ஐ ஒட்டியும் இருக்கும். 85டபிள்யூ-140 ஆயிலோ 40 டிகிரியில் 350-ஐயும் 100 டிகிரியில் 26-ஐயும் தொட்டு நிற்கும். நம் ஊரில் விடியற்காலையில் வண்டி எடுக்கும்போது ஆயில் 30 டிகிரியில் இருக்கிறது என்று கொண்டு, இதே எண்களிலிருந்து கணக்கிட்டால் 75டபிள்யூ-90 சுமார் 170, 80டபிள்யூ-90 சுமார் 260, 85டபிள்யூ-140 சுமார் 680 என்று வரும். எதிர்முனையில், பாரத்தோடு மலை ஏறும் வண்டியின் டிஃபரன்ஷியல் 120 டிகிரியைத் தொட்டால், 80டபிள்யூ-90 ஒன்பதுக்கு இறங்கிவிடும், 75டபிள்யூ-90 பத்தில் நிற்கும், 85டபிள்யூ-140 இன்னும் பதினைந்தில் இருக்கும். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும் என்றாலும், அவற்றின் விகிதம் பெரிதாக மாறாது.

120 டிகிரியில் 140 ஆயில் தரும் கெட்டித்தன்மையைத்தான் 100 டிகிரியில் 90 ஆயில் தருகிறது. எனவே இருபது டிகிரி கூடுதல் சூட்டில் தொடர்ந்து வேலை செய்யும் ஹவுசிங்குக்கு (டிஃபரன்ஷியல் அடங்கிய உறைக்கு) 140 என்பது ஆடம்பரமன்று. அங்கே அது வழக்கமான பாதுகாப்பைத் தக்கவைக்கும் வழி. அந்தச் சூட்டை எட்டாத வண்டியில் அதே ஆயில் காலை முழுவதும் இரண்டரை மடங்கு கெட்டியாகச் சுழன்று, எரிபொருளைத் தின்று, அதற்கு ஈடாக எதையும் தராமல் இருக்கும்.

கியர் பாக்ஸில் இந்த வித்தியாசத்தை ஓட்டுநரின் கையே உணரும். ஒரு கியரிலிருந்து மறு கியருக்கு மாறும்போது பித்தளையால் ஆன சின்க்ரோ வளையம் கியரின் கூம்பில் அழுந்தி, உராய்வின் மூலம் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு முதலில் இடையில் உள்ள ஆயில் படலம் பிதுங்கி வெளியேற வேண்டும். வளையத்தின் உட்புறம் வெட்டப்பட்டிருக்கும் நுண்ணிய பள்ளங்கள் அதற்காகவே உள்ளன. ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் நீங்கத் தாமதமாகும், காலையில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது லீவர் தடுக்கும், அவசரக்காரர் அழுத்தித் தள்ளுவார், வளையம் தேயும். வண்டி சூடான பிறகு சரியாகிவிடுகிறதே என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே சின்க்ரோ உள்ள கியர் பாக்ஸில் 140 ஊற்றுவதை நான் எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன். 80டபிள்யூ-90 பழைய வடிவமைப்புகளுக்குப் போதும். முன்சக்கர இயக்கமுள்ள இன்றைய கார்களில் 75டபிள்யூ-90 அல்லது அதையும்விட மெல்லிய 75டபிள்யூ-80 என்றே உற்பத்தியாளர்கள் குறிப்பிடுகிறார்கள். எரிபொருள் சிக்கனத்துக்காக ஆயில் மெலிந்துகொண்டே போகிறது என்பதற்குச் சான்றாக, 2019-இல் ஜே306 தரநிலையில் 65, 70, 75 என்ற புதிய மெல்லிய தரங்களே சேர்க்கப்பட்டன. இத்தகைய கியர் பாக்ஸின் பேரிங்குகளும் பற்களும் மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்காது" என்று சொல்லி அதில் 90-ஐ ஊற்றுவதற்கு முன், அந்தக் காரை இந்தியாவில் விற்கும் கம்பெனியும் இதே வெயிலை மனத்தில் வைத்துத்தான் கையேட்டை எழுதியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

பாகுத்தன்மையோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு; அதைத் தவறவிட்டால் எண்ணைச் சரியாகத் தேர்ந்தும் பயனில்லை. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. வகுத்த ஜி.எல்-4, ஜி.எல்-5 என்ற பிரிவுகளே அவை. இவை ஆயிலின் கெட்டித்தன்மையைப் பற்றியவை அல்ல. கடும் அழுத்தத்தில் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களைப் பற்றியவை. ஜி.எல்-5-இல் இச்சேர்மங்கள் ஜி.எல்-4-ஐவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். டிஃபரன்ஷியலின் எஃகுப் பற்களைக் காக்கும் அதே சேர்மம், கியர் பாக்ஸில் பித்தளை வளையத்தின் மேற்பரப்பைத் தாக்கவும், அதற்குத் தேவையான உராய்வைக் குறைக்கவும் கூடும். ஒரே கடையில் ஒரே நிறத்து டப்பாக்களில் 80டபிள்யூ-90 ஜி.எல்-4, 80டபிள்யூ-90 ஜி.எல்-5 என்று இரண்டும் அடுக்கியிருக்கும்போது, "80டபிள்யூ-90 கொடுங்க" என்று மட்டும் கேட்பது அரைக் கேள்விதான். கையேடு வேறுவிதமாகச் சொல்லாத வரையில், சின்க்ரோ கியர் பாக்ஸுக்கு ஜி.எல்-4, பின் ஹவுசிங்குக்கு ஜி.எல்-5 என்று கொள்வது பாதுகாப்பானது. கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே உறையில் இருக்கும் முன்சக்கர இயக்கக் கார்களில், என்ஜின் குறுக்காகப் பொருத்தப்பட்டிருப்பதால் இறுதிக் கியர், பற்கள் சாய்வாக வெட்டப்பட்ட சாய்பல் வகையாகவே அமைகிறது. எனவே அங்கே ஜி.எல்-5-இன் தேவை எழுவதில்லை.

பின்சக்கர இயக்கமுள்ள வண்டியின் ஹவுசிங்கில் கதை வேறு. பினியனின் அச்சு, அது சுழற்றும் பெரிய கியரான கிரவுன் வீலின் மையத்தை விட்டுச் சற்றுக் கீழே தள்ளி அமைந்திருக்கும் ஹைப்பாயிடு வகைக் கியரே அங்கே பெரும்பாலும் உள்ளது. 1920-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பேக்கர்டு கார்களில் இது வந்தபோது, பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைத் தாழ்த்தி, காரின் தளத்தையும் தாழ்த்த முடிந்தது. பல்லும் பல்லும் பெரிய பரப்பில் தொட்டுக்கொள்வதால் சத்தமும் குறைந்தது. அதற்குக் கொடுத்த விலை, பற்கள் உருண்டு போவதோடு ஒன்றன்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கியும் போகின்றன என்பது. அந்த வழுக்கலும் அழுத்தமும் சேர்ந்து சாதாரண ஆயில் படலத்தைத் துடைத்தெறிந்துவிடும் என்பதாலேயே மேலே சொன்ன சேர்மங்கள் தேவைப்பட்டன. ஆக, ஹைப்பாயிடு கியரில் பாதுகாப்பு இரண்டு அடுக்குகளாக வருகிறது. முதல் அடுக்கு ஆயில் படலத்தின் கனம். அதை முடிவு செய்வது பாகுத்தன்மையும் வேகமும். படலம் கிழியும் இடங்களில் இரண்டாம் அடுக்காகச் சேர்மங்கள் உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய தோலாக நிற்கும்.

வேகம் படலத்தின் கனத்தை முடிவு செய்கிறது என்பதே 90-க்கும் 140-க்கும் இடையிலான தேர்வின் உயிர்நாடி. பற்கள் வேகமாகச் சுழன்றால் ஆயில் அவற்றின் இடையே அதிகமாக இழுக்கப்பட்டுப் படலம் தடிக்கும். மெதுவாகச் சுழன்றால் மெலியும். அதிக பாரமும் குறைந்த வேகமும் சேரும் இடத்தில்தான் கெட்டியான ஆயில் வேண்டும். கரும்பு ஏற்றிய லாரி, கல் குவாரி டிப்பர், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குப் போகும் நாற்பது வளைவுகளிலும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஏறும் சரக்கு வண்டி ஆகியவை இந்த நிலையில் மணிக்கணக்கில் வேலை செய்கின்றன. இறங்கும்போதும் ஹவுசிங்குக்கு ஓய்வில்லை. என்ஜின் பிரேக்கில் இறங்கும் வண்டியில் சக்கரங்கள் பினியனைத் திருப்பித் தள்ளுவதால், பாரம் பற்களின் மறுபக்கத்தில் விழும். ஹைப்பாயிடு கியரின் அந்தப் பக்கம் முன்பக்கத்தைவிடக் குறைவாகவே பாரம் தாங்க வடிவமைக்கப்பட்டது. 2018-இல் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் சுமை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியதையும் சேர்த்துப் பார்த்தால், கனரக லாரிகளின் பின் ஹவுசிங்குக்கு 85டபிள்யூ-140 ஜி.எல்-5 ஏன் பரவலாகப் பயன்படுகிறது என்பது விளங்கும்.

அதே 140-ஐ, நான்குவழிச் சாலையில் மணிக்கு தொண்ணூறு, நூறு கிலோமீட்டரில் ஓடும் ஜீப்பிலோ பிக்கப்பிலோ ஊற்றினால் கணக்கு தலைகீழாகிறது. கிரவுன் வீலின் கீழ்ப்பகுதி ஆயிலில் மூழ்கியபடி சுழல்வதால், அந்தக் கெட்டி ஆயிலைக் கலக்குவதற்கே சக்தி செலவாகி, அது அப்படியே சூடாக மாறுகிறது. கெட்டியான ஆயில் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. சூடு ஏறினால் மெலிந்து, கெட்டியாக இருந்ததன் பயனில் ஒரு பகுதியை இழக்கிறது. இதற்கிடையில் ஆயிலின் வயதும் குறைகிறது. ஒவ்வொரு பத்து டிகிரி உயர்வுக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் தோராயக் கணக்கு. படலம் தடிப்பதற்குத் தேவையான வேகம் நெடுஞ்சாலை வண்டிக்கு ஏற்கெனவே இருப்பதால், 90-இன் பாகுத்தன்மையே அதற்குப் போதும்.

குளிர் எண்ணைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு 75, 80, 85 என்ற வித்தியாசம் பாதுகாப்பு சார்ந்த கேள்வியே அல்ல. ஊட்டியில் பனிக்காலத்து விடியலில் தரையில் உறைபனி படிந்தாலும், 85டபிள்யூ-வின் மைனஸ் 12 எல்லைக்கு வெகு தூரம் இருக்கிறது. ஆனால் நாமக்கல், சங்ககிரி லாரிகள் தமிழ்நாட்டுக்குள்ளேயே நின்றுவிடுபவை அல்ல. குளிர்காலத்தில் லடாக்கின் லே பக்கம் சரக்கு கொண்டுபோகும் லாரி, மைனஸ் 15-க்கும் கீழே போகக்கூடிய இரவில் நிறுத்தி வைக்கப்பட்டு, காலையில் பாரத்தோடு நகர்த்தப்பட்டால், 85டபிள்யூ-140 ஆயில் பினியனின் முன் பேரிங்கைச் சென்று அடைவதற்குள் அந்த பேரிங் பல சுற்றுகள் வறண்டு சுழன்றுவிடும். கிரவுன் வீல் வாரி இறைக்கும் ஆயில் ஒரு குறுகிய வழியில் வழிந்து சென்றே அந்த பேரிங்கை நனைக்கிறது என்பதால், கெட்டிப்பட்ட ஆயிலின் முதல் பலி அதுவே. இரண்டு எல்லையையும் தொடும் இத்தகைய வண்டிக்குச் செயற்கை 75டபிள்யூ-140 என்ற தரம் கிடைக்கிறது. விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் ஒரு கிரவுன்-பினியன் செட்டின் விலையையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

செயற்கை 75டபிள்யூ-90-ஐ எடுத்துக்கொண்டால், நம் ஊரில் அதன் மதிப்பு குளிரில் இல்லை. வெப்பநிலை மாறினாலும் பாகுத்தன்மை குறைவாகவே மாறும் அதன் இயல்பில் இருக்கிறது. காலையில் 80டபிள்யூ-90-ஐவிட மெலிதாக ஓடி, உச்சிச் சூட்டில் அதைவிடச் சற்றுக் கெட்டியாக நிற்பதை மேலே கண்ட எண்களே காட்டுகின்றன. சூட்டில் விரைவில் கெடாது என்பதால் மாற்றும் இடைவெளியும் நீளலாம். ஆனால் 75டபிள்யூ-90 என்று போட்டிருப்பதெல்லாம் முழுச் செயற்கை ஆயில் அல்ல. பாகுத்தன்மையைத் தூக்கிப் பிடிக்கும் பாலிமர் சேர்த்த மலிவான வகைகளும் உண்டு. பற்களின் இடையே நசுங்கி அந்த பாலிமர் அறுபட்டால் ஆயில் நாளடைவில் மெலிந்துபோகும். இதைத் தடுக்கவே ஜே306, 20 மணி நேர நசுக்கல் சோதனைக்குப் பிறகும் ஆயில் தன் தர எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. பெயர் தெரியாத கம்பெனியின் 75டபிள்யூ-90-ஐ வாங்குவதைவிட நல்ல பெயருள்ள கம்பெனியின் 80டபிள்யூ-90-ஐ வாங்குவது மேல். மெல்லிய ஆயில் ஊற்றியதும் கசிவு தொடங்கினால், ஆயில் சீலோ, ஹவுசிங்கின் காற்றுத் துளையான பிரீதரோ ஏற்கெனவே பழுதாகி இருந்திருக்கும். அடைபட்ட பிரீதர் ஹவுசிங்கினுள் அழுத்தத்தை ஏற்றி, எந்த ஆயிலையும் வெளியே தள்ளிவிடும்.

இரைகிற ஹவுசிங்கில் 140 ஊற்றிச் சத்தத்தை அடக்குவது பழைய வண்டிச் சந்தையில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. கெட்டி ஆயில் தேய்ந்த பற்களுக்கிடையிலான இடைவெளியை மெத்தைபோல் நிரப்புவதால் சத்தம் குறையும் என்பது மெய்தான். பேரிங் தேய்வோ பினியனின் தளர்வோ அதனால் குணமாகாது. தெரிய வேண்டிய அறிகுறி மட்டும் மறைந்துபோகும். பழைய வண்டி வாங்குபவர் ஹவுசிங் ஆயிலைக் கொஞ்சம் வடித்து விரலில் தொட்டுப் பார்ப்பது நல்லது. கையேடு 90 என்று சொல்லும் வண்டியில் தேன்பதத்தில் ஆயில் வடிந்தால், முதலில் கிரவுன்-பினியன் இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் கொண்டு பார்த்தால், முன்சக்கர இயக்கக் கார் வைத்திருப்பவருக்குத் தேர்வு என்று ஒன்று கிடையாது. கையேட்டில் உள்ள 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-90 ஜி.எல்-4 ஆயிலை அப்படியே ஊற்ற வேண்டும். பின்சக்கர இயக்கமுள்ள ஜீப், வேன், பிக்கப் ஆகியவற்றில் கையேடு இரண்டு தரங்களை அனுமதித்தால், கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜி.எல்-4-ஐயும், ஹவுசிங்குக்கு 80டபிள்யூ-90 ஜி.எல்-5-ஐயும் நான் எடுப்பேன். ஹவுசிங்குக்கும் செயற்கை ஆயில் வாங்கப் பணம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. அதே பிக்கப் வாரத்தில் பெரும்பாலான நாள்கள் மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குவதாக இருந்து, கையேட்டிலும் 140-க்கு இடம் இருந்தால் மட்டுமே ஹவுசிங்குக்கு 85டபிள்யூ-140. ஆண்டுக்கு இரண்டு முறை ஏற்காட்டுக்குப் போய்வருவது அந்தக் கணக்கில் சேராது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள வண்டிக்கு அதற்கான உராய்வுச் சேர்மம் கலந்த ஆயில் தேவை, சாதாரண ஜி.எல்-5 ஊற்றினால் திருப்பங்களில் அதன் பிளேட்டுகள் உதறிச் சத்தமிடும். டிராக்டரை இந்தக் கட்டுரையின் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆயிலில் மூழ்கிய பிரேக்கும் ஹைட்ராலிக்கும் கியரும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்ளும் டிராக்டருக்கு அதற்கென்றே தனி ஆயில் இருக்கிறது.

தரத்தை மாற்றும்போது பழைய ஆயிலை, வண்டி கொஞ்ச தூரம் ஓடிச் சூடாக இருக்கையிலேயே முழுவதும் வடிக்க வேண்டும். அடியில் தங்கும் கால் லிட்டர் 140 புதிய 90-உடன் கலந்தால் வண்டி கெட்டுவிடாது என்றாலும், வாங்கிய தரம் டப்பாவில் போட்டபடி இருக்காது. ஊற்றும் துளையின் திருகை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே வடிகால் திருகைக் கழற்றுவது புத்திசாலித்தனம். துருப்பிடித்த மேல்திருகு வர மறுத்தால், ஆயில் இல்லாத ஹவுசிங்கோடு வண்டி பட்டறையிலேயே நிற்க நேரும். வடிகால் திருகின் காந்தத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிற மாவு இயல்பானது, செதில்களாக வந்தால் இயல்பானதன்று. ஆயில் பால்போல வெளுத்திருந்தால், வெள்ளத்தில் இறங்கியபோது சூடான ஹவுசிங் குளிர்ந்து சீல் வழியாகவோ பிரீதர் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது என்று பொருள். அப்போது எந்தத் தரம் என்று யோசிப்பதற்கு முன் அதை உடனே மாற்ற வேண்டும். புதிய ஆயிலை, சமதரையில் நிற்கும் வண்டியில், மேல்துளையின் கீழ் விளிம்பைத் தொடும் வரை ஊற்றினால் போதும்.